90 வயதில் எடை தூக்கினார்கள்! கைத்தடியைக் கைவிட்ட முதியவர்கள்

"வயசாயிடுச்சு, பேசாம படுங்க தாத்தா!" இது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு.

அமெரிக்காவில் ஒரு பெண் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. 90 வயதுக்காரர்களை எடை தூக்க வைத்தார்!

அவர் பெயர் மரியா பியாடரோன். இடம், பாஸ்டன் நகரில் உள்ள முதியோர் விடுதி.

10 பேர் தாமாகவே முன்வந்தனர். வயது 86 முதல் 96 வரை. பலருக்கு மூட்டுவலி, இருதயக் கோளாறு வேறு.

காலால் தூக்கினர்

வயது ஏற ஏற உடம்பில் சதை கரைகிறது. முதலில் தளருவது கால். அதனால் காலுக்குத்தான் பயிற்சி. வாரம் 3 நாள். அவரவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் பாதியில் ஆரம்பித்து, 80 சதவீதம் வரை ஏற்றினார்கள்.

ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். மற்ற 9 பேருக்கும் 8 வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது, 10 கிலோ தூக்கிய கால் 27 கிலோ தூக்கியது! 2 பேர் கைத்தடி இல்லாமலே நடந்தார்கள். கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாதிருந்த 3 பேரில் ஒருவர் தானாக எழுந்தார்.

1990-ல் இந்த விவரம் வெளியானது.

சத்து பானம் போதுமா?

1994-ல் 100 முதியவர்களிடம் அதே டாக்டர் குழு சோதித்தது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் ஏறவில்லை. எடை தூக்கியவர்களுக்கு ஏறியது.

ஒரு சங்கடமும் உண்டு. முதல் சோதனையில், பயிற்சியை நிறுத்திய 4 வாரத்திலேயே 32 சதவீத பலம் போய்விட்டது!