காகிதத்தில் பேசிப் பார்த்த தொலைபேசி

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 140 நாடுகளின் வீரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். கைப்பேசி பரவாத காலம். ஊரிலிருக்கும் அப்பா மகனுக்கு வாழ்த்துச் சொல்ல நினைத்தால், அவன் மைதானத்தில் இருக்கிறானா, அறையில் இருக்கிறானா என்று எப்படித் தெரியும்?

இதற்காக ஐ.பி.எம். நிறுவனம் ஒரு செய்தி அமைப்பை உருவாக்கியது. பேசுகிறவரின் குரலைக் கணினி பதிந்து வைத்துக்கொள்ளும். வீரர் நேரம் கிடைக்கும்போது ஒலிம்பிக் கிராமத்துத் தொலைபேசியில் பொத்தான்களை அழுத்தி அப்பாவின் குரலையே கேட்கலாம். வழிகாட்டும் குரல் 12 மொழிகளில் பேசும்.

பயன்படுத்தப் போகிறவர்களில் பலர் கணினியைத் தொட்டறியாதவர்கள். உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கவும் வழியில்லை. அதனால் ஐ.பி.எம். ஆய்வாளர் ஜான் கூல்டும் அவர் குழுவினரும் நிரல் எழுதுவதற்கு முன்பே சோதனையைத் தொடங்கினார்கள். வீரர் எதை அழுத்துவார், இயந்திரம் என்ன பதில் சொல்லும் என்பதை நாடக வசனம் போலக் காகிதத்தில் எழுதிப் பலரிடம் காட்டினார்கள். பயனர் கையேட்டையும் முதலிலேயே எழுதினார்கள். ஆய்வகத்தில் ஆள் நடமாடும் இடத்தில், உள்ளே ஒன்றுமில்லாத உருளைக் கூடு ஒன்றை மாதிரியாக நிறுத்தி, போகிறவர் வருகிறவர் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தினார்கள். ஒலிம்பிக்குக்கு முன்பே நடந்த ஒரு பன்னாட்டுப் போட்டியில் வீரர்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். பார்த்ததும் மீண்டும் திருத்தினார்கள்.

இந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. காகிதத்தில் உள்ள தவற்றைப் பென்சிலால் அடித்துவிடலாம். அதே தவறு நிரலாகி, அதன்மேல் வேறு நிரல்களும் ஏறிய பிறகு தெரியவந்தால், கட்டிய சுவரை இடிக்க வேண்டும். செய்தவர் கண்ணுக்கு அந்தத் தவறு படவும் படாது. எந்தப் பொத்தானுக்குப் பின் எது வரும் என்பது அவருக்கு மனப்பாடம். புதிதாக வருகிறவரின் விரல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

போட்டி நாட்களில் அந்த அமைப்பை 40,000 முறைக்கு மேல் பயன்படுத்தினார்கள். செய்த விதம் முழுவதையும் அந்தக் குழு 1987இல் கட்டுரையாக வெளியிட்டது.

மென்பொருள் செய்கிற தம்பி தங்கைகளே, உங்கள் செயலியை நாளை பயன்படுத்தப் போகிற ஒருவர் கையில் இன்றே கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரல் தயங்கி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான், அவரை அல்ல.