கன்றுக்கு ஒரு காம்பு, வீட்டுக்கு ஒரு லிட்டர்!

அன்னவாசல் பக்கம் நாலு ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு, கொஞ்சம் கொய்யா, பப்பாளி, வாழை. இதுதான் என் பண்ணை. இந்தத் தடவை உரம், பூச்சிவிரட்டி பற்றி எழுதவில்லை. அடுப்புப் பற்றவைக்காமல் பத்து நிமிடத்தில் முடியும் காலை ஆகாரம் பற்றி எழுதுகிறேன். அதிலும் ஒரு விவசாயக் கணக்கு இருக்கிறது.

1980-களில் வங்கியில் கள அலுவலராக இருந்தபோது, ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் நிறையக் கறவை மாட்டுக் கடன் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு இத்தனை லிட்டர் பால், லிட்டர் இன்ன விலை, தீவனச் செலவு போக மிச்சம் இவ்வளவு, அதில் தவணை இவ்வளவு என்று எழுதுவோம். வீட்டுக்கு எவ்வளவு பால் என்று கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஒருநாள் கடன் பார்வையிடப் போன வீட்டில், ஒரு அம்மா எனக்கு வரக்காப்பி கொடுத்தார். கொட்டகையில் மாடு நிற்கிறது. “பால் இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டேன். “பால் சொசைட்டிக்கு சார். எங்க புள்ளைகளுக்கே வரக்காப்பிதான்” என்றார். ‘தவணை ஒழுங்காகச் செலுத்துகிறார்’ என்று குறிப்பெழுதிவிட்டு வந்துவிட்டேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானே மாடு வாங்கினேன். காப்பிக்கு அரை லிட்டர் போக மிச்சமெல்லாம் சொசைட்டிக்கு. போன கோடை விடுமுறையில் வந்திருந்த பேரன், புதுக்கோட்டைக் கடையில் பழத் தயிர் கப் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கப்பைத் திருப்பிப் படித்தால் சர்க்கரை, நிறம், மணம் என்று போட்டிருந்தது. கொல்லையில் காக்கா கொத்திய பப்பாளி கீழே கிடக்கிறது. பால் வண்டியில் போய்விட்டது. அந்த அம்மா வீட்டு வரக்காப்பி அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அவருக்குக் கடன் தவணை இருந்தது. எனக்கு என்ன வந்தது?

குடிசையில் பிறந்த பண்டம்

வெளிநாட்டில் காட்டேஜ் சீஸோடு பழத்தை வெட்டிப் போட்டுக் காலையில் சாப்பிடுகிறார்கள். காட்டேஜ் என்றால் குடிசை. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பாலைச் சிறு குடியானவர்கள் வீட்டிலேயே புளிக்கவைத்து, தண்ணீரை வடித்துச் சாப்பிட்டதால் அந்தப் பெயர். நம் ஊரில் பன்னீரையும் ஆங்கிலத்தில் காட்டேஜ் சீஸ் என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பன்னீருக்குக் கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறோ வேறு புளிப்போ விட்டுத் திரிக்க வேண்டும். நம் வீட்டில் அடுப்பில்லாமல் அதற்குப் பக்கத்தில் வருவது வடிதயிர். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஸ்ரீகண்ட் செய்வது இந்த வடிதயிரில்தான். இலங்கையில் எருமைத் தயிரில் கித்துள் பாணி விட்டுச் சாப்பிடுகிறார்கள். நமக்கோ தயிர் என்றால் சோற்றோடுதான். பழத்தோடு சேர்த்துப் பழகவில்லை, அவ்வளவுதான்.

வடிதயிர் செய்முறை

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘அடுப்பில்லாத’ என்றதும் பச்சைப் பாலில் உறை ஊற்றிவிடாதீர்கள். கன்று வீச்சு நோய் (புருசெல்லா), காசநோய் போன்றவை பச்சைப் பால் மூலம் மனிதருக்கு வரும். நம் மாடு, நம் பால் என்றாலும் காய்ச்சித்தான் ஆக வேண்டும். காப்பிக்குக் காய்ச்சும்போதே இதையும் சேர்த்துக் காய்ச்சிவிடலாம்.

காலையில் காய்ச்சிய ஒரு லிட்டர் பாலை வெதுவெதுப்பாக ஆறவைத்து, ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலக்கி வையுங்கள். சாயங்காலத்துக்குள் தோய்ந்துவிடும். வெந்நீரில் அலசிக் காயவைத்த வேட்டித் துணியை ஒரு வடிகட்டியில் விரித்து, அடியில் பாத்திரம் வைத்து, தயிரை ஊற்றி மூட்டை கட்டுங்கள். கையால் பிழிய வேண்டாம், தானாக வடியட்டும். ராத்திரி வைத்தால் காலையில் ரெடி. நம் பக்கத்து வெயிலில் வெளியே தொங்கவிட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதற்குள் வையுங்கள். இல்லாதவர்கள் சாயங்காலமே கட்டித் தொங்கவிட்டு, மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்துச் சாப்பிட்டுவிடலாம். கொஞ்சம் இளக்கமாக இருக்கும், ருசி குறையாது.

ஒரு லிட்டர் பாலில் சுமார் 32 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு கேசின். அது துணியிலேயே தங்கிவிடும். வடிகிற தண்ணீரில் மீதிப் புரதத்தில் கொஞ்சமும் பால் சர்க்கரையில் ஒரு பகுதியும் இறங்கும். எங்கள் வீட்டில் லிட்டருக்கு 350 முதல் 400 கிராம் வரை வடிதயிர் கிடைக்கிறது. நாலு பேருக்குப் போதும்.

கிண்ணத்தில் என்னென்ன?

ஓர் ஆளுக்கு மூன்று கரண்டி வடிதயிர், ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பழம், மேலே ஒரு ஸ்பூன் வறுத்த நிலக்கடலை அல்லது எள். வயலுக்குப் போகிறவர்களுக்கு இது பத்தாது. ஊறவைத்த சிவப்பு அவல் ஒரு பிடி அடியில் போட்டால் மதியம் வரை தாங்கும்.

பழத்துக்குக் கடை ஏற வேண்டியதில்லை. வாழையும் பப்பாளியும் எப்போதும் உண்டு. கோடையில் மாம்பழமும் வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாச்சுளையும். ஆனி, ஆடியில் நாவல். மழைக்கு முன்னால் சீத்தாப்பழம். கொய்யாவை விட்டுவிடாதீர்கள், எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் ஆதனக்கோட்டை முந்திரி நாலு தூவிவிடுங்கள்.

பப்பாளி, அன்னாசி இரண்டையும் சாப்பிடும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். அவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. முன்கூட்டியே கலந்து வைத்தால் தயிர் நீர்த்துக் கசந்துபோகும். நான் முதல் தடவை அன்னாசியைப் போட்டு ராத்திரியே கலந்து வைத்து, காலையில் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன்.

இனிப்பு வேண்டுமென்றால் தேன் அல்லது பொடித்த கருப்பட்டி கொஞ்சம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பைத் தவிர்த்து, கொய்யாவோ நாவலோ அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம். என் வீட்டம்மாவுக்கு இனிப்பே ஆகாது. அவர் வெள்ளரிப்பிஞ்சு, சின்ன வெங்காயம், மிளகுத்தூள், உப்புச் சேர்த்துக்கொள்கிறார்.

வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம். மோரில் சேர்த்து உப்புப் போட்டு வயலுக்கு எடுத்துப் போகலாம். மிஞ்சினால் நான் தேமோர்க் கரைசல் பானையில் ஊற்றிவிடுகிறேன்.

கணக்கு

பழைய பழக்கம், கணக்குப் பார்க்காமல் விட முடியவில்லை. நாலு பேருக்குப் பழத் தயிர் கப் வாங்கினால், ஒரு லிட்டர் பாலுக்கு எனக்குக் கிடைக்கும் காசைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகிறது. நம் பாலையே விற்று, சர்க்கரை போட்டதைத் திரும்ப வாங்குகிறோம். நஞ்சில்லாமல் விளைவித்த பழம் மரத்தடியில் அழுகுகிறது. ஊருக்கெல்லாம் நல்ல உணவு கொடுக்கிறோம் என்று கூட்டத்தில் பேசுகிறோம்; நம் வீட்டுப் பிள்ளை எதைச் சாப்பிடுகிறது என்று பார்ப்பதில்லை.

பால் கறக்கும்போது கன்றுக்கு ஒரு காம்பு விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. யாரும் அதை நஷ்டம் என்று சொன்னதில்லை. வீட்டுக்கு ஒரு லிட்டரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். என் பால் நோட்டில் இப்போது இரண்டு பத்தி போட்டிருக்கிறேன்: வீடு, சொசைட்டி. வீடு முதலில்.

எங்கள் தெருவில் மகளிர் குழுப் பெண்கள் மாட்டுக் கடனுக்கு மனு எழுத என்னிடம் வருவார்கள். வரவு செலவு எழுதும்போது, மொத்தப் பாலில் வீட்டுக்கு ஒரு லிட்டரைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் விலை போடுகிறேன். “தவணைக்கு இடிக்காதா சார்?” என்று போன மாதம் ஒருவர் கேட்டார். “இடிச்சா தவணையை ஒரு வருஷம் கூட்டிப் போடுவோம்மா. பிள்ளைக்கு வளர்ற வயசைக் கூட்டிப் போட முடியாது” என்றேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் சொல்லியிருக்க வேண்டியது.