தங்கக் கூழ்மம்: ஆக்கலும் காத்தலும்

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் நாம் காணும் 916 தங்கம் மஞ்சள் நிறத்தது. அதே உலோகம் செந்நிறத்திலும் நம் இல்லங்களுக்கு வந்ததுண்டு. 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு அஞ்சல்வழி அனுப்பப்பெற்ற ஏஆர்டி கருவிகளை நினைவுகூர்வோம். அவ்வகைக் கருவிகள் பலவற்றில் தோன்றும் செங்கோடு, நானோ அளவுள்ள தங்கத் துகள்களின் திரட்சியே.

20 நானோமீட்டர் குறுக்களவுள்ள தங்கத் துகளில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் அணுக்களே உள்ளன. நீரில் பரவியுள்ள அத்துகளின் எலக்ட்ரான்கள் பச்சை ஒளிக்கு இசைந்து அலைந்து அதனை உறிஞ்சுகின்றன. ஆதலால் கரைசல் சிவந்து தோன்றுகிறது.

இத்துகள்களை ஆக்குவது எளிது. 1951இல் ஜான் டர்கெவிச்சும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து விளக்கிய முறையே இன்றும் பயிலப்படுகிறது. குளோரோ ஆரிக் அமிலத்தின் மிக நீர்த்த கரைசலைக் கொதிக்கவைத்துச் சோடியம் சிட்ரேட்டைச் சேர்ப்பர். இளமஞ்சள் மறையும், கருநீலம் தோன்றும், சில நிமிடங்களில் திராட்சைச் சிவப்பு நிலைபெறும். சிட்ரேட்டிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெற்ற தங்க அயனிகள் அணுக்களாகித் துகள்களாகச் சேர்கின்றன. குடுவைகளை முன்னதாக இராசத்திராவகத்தால் கழுவுவது மாணவர் சலித்துக்கொள்ளும் வேலை. ஆனால் சுவரில் ஒட்டிய பழைய துகளொன்று புதிய துகள்களின் அளவையே குலைத்துவிடும்.

ஆக்கலினும் காத்தலே அரிது. நெருங்கிய உலோகத் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையன. அவற்றின்மேல் படிந்த சிட்ரேட் எதிர்மின்னூட்டம் தருவதால் அவை விலகி நிற்கின்றன. சமையலுப்பைச் சேர்த்தால் உப்பின் அயனிகள் அம்மின்னூட்டத்தை மறைக்கின்றன. பத்து நானோமீட்டர் வரை எட்டிய விலக்கம் ஒரு நானோமீட்டருக்கும் குறைகிறது. துகள்கள் திரள்கின்றன, சிவப்பு நீலமாகிறது. எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிவதும் இதற்கு உறவுடைய நிகழ்ச்சியே. அங்கே அமிலம் புரதத் துகள்களின் மின்னூட்டத்தைப் போக்குகிறது. தங்கத்தின் இந்த நிறமாற்றத்தையும், கூழ்ப்பொருள் சேர்த்தால் அது தடைபடுவதையும் மைக்கேல் ஃபாரடே 1857இலேயே கண்டுரைத்தார்.

இதனை ‘நிலைப்படுத்தல்’ என்று வழங்குகிறோம். அச்சொல்லைக் கேட்கும் மாணவர், துகள்கள் அசையாது நிறுத்தப்படுவதாகக் கருதக்கூடும். உண்மையில் அவை நீரில் ஓயாது அலைந்துகொண்டே இருக்கின்றன. ‘திரளாமை காத்தல்’ என்பதே பொருளுக்கு அணுக்கமானது என்பது நம் கருத்து.

ஏஆர்டி கருவியில் இக்காவல் உயிர்நிலை போன்றது. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைக் கலக்கும் நீர்மத்தில் உப்பு உண்டு. சிட்ரேட்டை மட்டும் நம்பிய துகள்கள் அதில் நொடியில் திரளும். ஆகவே நோய்க்கிருமியின் புரதத்தைப் பற்றும் எதிர்ப்புரதங்களைத் தங்கத்தின்மேல் பதித்து, எஞ்சிய இடத்தை வேறொரு புரதத்தால் மூடுகின்றனர். பருத்த அப்போர்வையால் துகள்கள் ஒன்றையொன்று தொட இயலாது. பின்னர்ச் சர்க்கரை சேர்த்துச் சிறு திண்டில் உலர்த்துவர். நீர்மம் பட்டதும் துகள்கள் தனித்தனியே பிரிந்து ஓடவேண்டும். திரண்டால் ஓட்டம் தடைபடும். நோயுற்றவருக்கும் ‘டி’ கோடு தோன்றாது போகலாம். ‘சி’ கோடு தோன்றாத சோதனை செல்லாது என்பதன் காரணமும் இதுவே: தங்கம் அதுவரை ஓடி வந்தது என்பதற்கு அக்கோடே சான்று.

போர்வை போதுமா என்பதை ஆய்வுக்கூடத்தார் அறியும் வழி மிக எளியது. சிறிதளவு கரைசலில் உப்புநீரைச் சேர்த்துச் சில நிமிடம் பார்ப்பர். நீலமானால் புரதம் போதவில்லை. சிவப்பு மாறாதிருந்தால் அடுத்த வேலைக்குச் செல்வர்.