பேர்தான் பஞ்சு

நல்லி எலும்பைக் கடித்தவர்களுக்குத் தெரியும்: நடுத்தண்டு பல்லுக்கு மசியாது, முனையோ மென்று சாறு உறிஞ்சலாம். நம் தொடை எலும்பும் அப்படித்தான். வெளிச்சுவர் கெட்டி எலும்பு. நம் எலும்புக்கூட்டின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த வகை. முனைகளுக்குள்ளும் முதுகெலும்புக்குள்ளும் இருப்பது பஞ்சு எலும்பு. பேர்தான் பஞ்சு, அழுத்தினால் அமுங்காது! எலும்பு இழைகள் பின்னிய வலை அது. இடைவெளிகளில் ரத்த அணுக்கள் பிறக்கும் சிவப்பு மஜ்ஜை.

அந்த இழைகள் தாறுமாறாக ஓடுவதில்லை. 1866-இல் சூரிச் நகரில், உடற்கூறியலாளர் மேயர் வெட்டிக் காட்டிய தொடை எலும்பில், பாரந்தூக்கியின் விசைக் கோடுகளையே கண்டார் பொறியாளர் கூல்மான். என்ன அழகான சந்திப்பு!

பஞ்சு எலும்பு கெட்டி எலும்பைவிட வேகமாகக் கரைந்து புதிதாகிறது. அதனால்தான் எலும்பு மெலிந்துபோகும் எலும்புப்புரை நோய், பஞ்சு எலும்பு மிகுந்த முதுகெலும்பையும் மணிக்கட்டையும் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது.