நின்றுபோன முள்

நெய்வேலியில் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தது 1957-ல். பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1962-ல். கொதிகலனின் அழுத்தத்தை மீட்டர் முள் பார்த்துச் சொல்லும் தொழிலாளர்கள் அன்று முதல் அந்த ஊரில் உண்டு. பழைய கார்கள் பலவற்றின் ஆயில் பிரஷர் மீட்டரும் அதே பரம்பரைதான்.

இரண்டுக்கும் உள்ளே இருப்பது பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்டான் 1849-ல் காப்புரிமை பெற்ற வளைந்த உலோகக் குழாய். திருவிழாவில் விற்கும் காகிதச் சுருள் ஊதினால் விரிவதுபோல, அழுத்தம் ஏற ஏற இந்தக் குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். காரின் ஆயில் முள் அசையாவிட்டால், எஞ்சினில் ஆயில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு மீட்டருக்கு வரும் மெல்லிய குழாய் அடைத்திருக்கிறதா, கசிகிறதா என்று பார்க்கலாம்.

பெட்ரோல் மீட்டர் வேறு ஜாதி.

டேங்கில் மிதவை ஏறி இறங்க, அதோடு இணைந்த மின்தடை மாறும். மீட்டருக்குள் ஓடும் மின்சாரமும் மாறும். சாவி போட்டதும் முள் டக்கென்று துள்ளினால் அது காந்தச் சுருள் வகை. மெதுவாக ஊர்ந்து ஏறினால், சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை வகை. இந்த இரண்டாம் வகையில் பெட்ரோல், வெப்பநிலை முள்கள் இரண்டும் ஒரே சமயத்தில் தப்பாகக் காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரை.

பெட்ரோல் முள் மட்டும் படுத்துக் கிடந்தால் ஒரு சோதனை. டேங்கிலிருந்து வரும் ஒயரை மீட்டர் பக்கத்தில் கழற்றிவிட்டு, மீட்டரின் அந்த முனையைச் சற்று நேரம் பாடியில் எர்த் செய்ய வேண்டும். ஈருலோக வகையில் முள் நிறைவை நோக்கி ஏறினால் மீட்டர் நலம்; கோளாறு ஒயரிலோ, மிதவையும் மின்தடையும் சேர்ந்த டேங்க் யூனிட்டிலோ, துருப்பிடித்த எர்த்திலோ இருக்கிறது. முள் நகர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். நீடித்தால் உள்ளே சுற்றிய கம்பி கருகும். டேங்கின் அருகே மட்டும் இந்தச் சோதனை கூடாது. அங்கே ஒரு பொறி போதும், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அதற்கேற்ற மீட்டரைத் தேடி அலைவதற்குமுன் எர்த் முனையை உப்புத்தாளால் தேய்த்துப் பார்ப்பது லாபம். அதற்கும் சரியாகாவிட்டால், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டேங்க் யூனிட்டை வெளியே எடுக்கலாம். மிதவையைக் குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை, மாற்றியாக வேண்டும்.