உயிரணுவும் மின்சுற்றும்



ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்திருந்த பூச்சோங்கில் இன்று தொழிற்கூடங்கள் பெருகியிருக்கின்றன. அதற்கு அண்மையிலுள்ள சுங்கைவேயில் 1970களிலேயே மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அத்தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்கள் நன்கறிந்த பொருள் மின்சுற்றுப் பலகை. கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த தகடு. அதன்மேல் செப்புக் கோடுகள். ஆங்காங்கே பற்றவைத்த ஈயம். இந்தப் பலகையின் மேல் உயிருள்ள இதயத் தசையணுக்களை வளர்க்க முடியுமா? இன்று நாம் ஆராயப்போவது இதைத்தான்.

எதற்காக வளர்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இதயத் தசையணுக்கள் உடலுக்கு வெளியே, கிண்ணத்தில் வளரும்போதும் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். அடியில் நுண்ணிய மின்முனைகள் இருந்தால் அதைப் பதிவு செய்யலாம். 1972இல் சார்லஸ் தாமசும் அவருடைய குழுவினரும் கோழிக்கருவின் இதய அணுக்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினர். புதிய மருந்தொன்று இதயத் துடிப்பைக் கெடுக்குமா என்று முன்கூட்டியே அறிய இன்று இம்முறை உதவுகிறது.

ஆனால் உயிரணு வாழும் சூழல் எப்படிப்பட்டது? 37 பாகை வெப்பம். உப்பும் சர்க்கரையும் புரதமும் கலந்த நீர். அதிலே நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஊறல். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைத்தால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார் அறிவார்கள். புளி செம்பைக் கரைக்கும், களிம்பு ஏறும், உணவு நஞ்சாகும். வெதுவெதுப்பான உப்புநீரும், புளியைவிட மெதுவாக என்றாலும், இதே வேலையைச் செய்கிறது. பலகையின் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் கலக்கிறது. செப்புக் குடத்து நீரில் கிருமிகள் மடிவதற்கு எது காரணமோ, அதுவே இங்கே இதய அணுக்களையும் கொல்கிறது. பற்றவைப்பில் காரீயம் இருந்தால் அதுவும் கேடு. முழுமையாக இறுகாத பிசினிலிருந்தும் வேதிப்பொருள்கள் கசியும்.

அப்படியானால் செம்பின்மேல் தங்கமுலாம் பூசிவிட்டால் போதாதா? பலகைகளில் வழக்கமாக முதலில் நிக்கல், அதன்மேல் தங்கம் பூசுகிறார்கள். அந்தத் தங்கப்படலம் பெரும்பாலும் தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு. உப்புநீர் துளைவழியே இறங்கும்போது இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலம் போல இயங்குகின்றன. தங்கம் கெடுவதில்லை, அடியிலுள்ள உலோகமோ முன்னிலும் விரைவாக அரிக்கப்படுகிறது. ஆகவேதான் இத்தகைய கருவிகளுக்குக் கண்ணாடித் தளமும், பிளாட்டினம், தங்கம், டைட்டானியம் நைட்ரைடு போன்ற மின்முனைகளும், சிலிக்கன் நைட்ரைடு போன்ற காப்புப் படலமும் பயன்படுகின்றன. செம்பும் பற்றவைப்பும் நீர் படாத வெளிப்புறத்தில் நிற்கின்றன.

ஒரு பொருள் தகுந்ததா என்று எப்படிச் சோதிப்பது? ஐ.எஸ்.ஓ. 10993 என்னும் அனைத்துலகத் தர விதிகள் அதற்கு வழிகாட்டுகின்றன. அவற்றுள் ஒரு முறை எளிது. பொருளை உயிரணு வளர்க்கும் நீரில் 37 பாகையில் ஒரு நாள் ஊறவைக்கிறார்கள். பிறகு அந்த நீரை அணுக்களுக்குக் கொடுத்து, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்கிறார்கள். நாம் நன்கறிந்த ரப்பர்க் கையுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் அணிய அது ஏற்றது. ஆனால் பால் இறுகுவதற்காகச் சேர்த்த வேதிப்பொருள்களின் எச்சம் நீரில் இறங்கினால் கிண்ணத்து அணுக்கள் மடியக்கூடும். ஆகவே, ‘இது நல்ல பொருள்’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எங்கே, எவ்வளவு காலம், எதைத் தொட்டுக்கொண்டிருக்கப் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இச்சோதனையில் கவனம் தவறினால் விளைவு கிண்ணத்தோடு நிற்காது. செம்பு கொன்ற அணுக்களைக் கண்டு, நல்ல மருந்தொன்றை நஞ்சென்று ஒதுக்கிவிட நேரலாம். உடலுக்குள் வைக்கும் கருவியிலோ உயிரே பணயம். 1958 அக்டோபரில், ஸ்வீடன் நாட்டில், ரூனே எல்ம்குவிஸ்ட் வடிவமைத்த இதயத் துடிப்புக் கருவியை டாக்டர் ஓக்கே சென்னிங் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலில் பொருத்தினார். மின்சுற்றை எப்பாக்சிப் பிசினில் பொதிந்திருந்தார்கள். அதை வார்க்க உதவிய அச்சு ஒரு காலணி மெழுகு டப்பா! முதற்கருவி சில மணி நேரமே இயங்கியது. அடுத்தடுத்து மாற்றப்பட்ட கருவிகளின் துணையால் லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். பிசின் நாளடைவில் ஈரத்தை உள்ளே விடும். ஆகவே பிற்காலத்தில் டைட்டானியக் கூடு வந்தது. டைட்டானியத்தின் மேல் தானாகவே உருவாகும் ஆக்சைடு படலம் அதை உடல்நீரில் கரையாமல் காக்கிறது.

நம் உறவினர் எவருடைய மார்பிலாவது அத்தகைய கருவி இருந்தால், அதனுள்ளும் செம்பும் பற்றவைப்பும் உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். ரசத்துக்கும் பித்தளைக்கும் நடுவே ஈயப் பூச்சு நிற்பதுபோல, அவற்றுக்கும் குருதிக்கும் நடுவே அந்த மெல்லிய கூடு காவல் நிற்கிறது.