கெண்டைக்கால் தசைகள்

கெண்டைக்கால் தசைகள் என்பவை மனிதனின் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்காலின் பின்புறத்தில் அமைந்துள்ள தசைகள் ஆகும். பேச்சு வழக்கில் இப்பகுதி ஆடுசதை எனவும் அழைக்கப்படுகிறது. இத்தசைகளுள் மேலடுக்கில் உள்ள காஸ்ட்ரோக்னீமியஸ், சோலியஸ் ஆகிய இரண்டும் கீழே ஒன்றாக இணைந்து, குதிகால் தசைநாண் வழியாகக் குதிகால் எலும்பில் முடிகின்றன. நடத்தல், ஓடுதல், குதித்தல், படி ஏறுதல் ஆகியவற்றின்போது பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தி உடலை முன்னே செலுத்துவது இவற்றின் வெளிப்படையான பணியாகும். கால்களில் உள்ள குருதியைப் புவியீர்ப்புக்கு எதிராக இதயத்தை நோக்கி மேலே தள்ளுவது இவற்றின் மற்றொரு பணியாகும். இதன் காரணமாக இத்தசைகள் சில வேளைகளில் "இரண்டாவது இதயம்" என்று குறிப்பிடப்படுகின்றன.

பெயர்

கெண்டை என்பது நன்னீரில் வாழும் மீன் வகைகளின் பெயர். நடுவில் பருத்து இரு முனைகளிலும் சிறுத்துக் காணப்படும் இத்தசைப் பகுதியின் தோற்றம் மீனை ஒத்திருப்பதைக் கெண்டைக்கால் என்னும் பெயர் நினைவூட்டுகிறது. காஸ்ட்ரோக்னீமியஸ் என்பது "காலின் வயிறு" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சோலியஸ் என்னும் பெயர் செருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெறப்பட்டது. தட்டையான ஒரு மீன் வகைக்கும் அதே சொல்லே வழங்குகிறது.

அமைப்பு

காஸ்ட்ரோக்னீமியஸ் தோலுக்கு அடியில் எளிதில் காணக்கூடிய தசையாகும். இதற்கு இரு தலைகள் உண்டு. அவை தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள இரு குமிழ்களின் பின்புறத்திலிருந்து தோன்றுகின்றன. உட்புறத் தலை வெளிப்புறத் தலையைவிடப் பெரியது. சற்றுக் கீழ்வரை நீள்வது. இத்தசை முழங்கால், கணுக்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்கிறது. எனவே பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதுடன் முழங்காலை மடக்கவும் உதவுகிறது.

சோலியஸ் இதற்கு அடியில் உள்ள அகன்ற, தட்டையான தசை. இது கணைக்காலின் உள்ளெலும்பு, வெளியெலும்பு ஆகியவற்றின் மேற்பகுதிகளிலிருந்து தோன்றுகிறது. முழங்கால் மூட்டைக் கடக்காததால் இதன் பணி கணுக்காலுடன் நின்றுவிடுகிறது. முழங்காலை மடக்கிய நிலையில் காஸ்ட்ரோக்னீமியஸ் தளர்ந்துவிடுவதால், அந்நிலையில் குதிகாலை உயர்த்தும் வேலையின் பெரும்பகுதியைச் சோலியஸே செய்கிறது. நாற்காலியில் அமர்ந்தபடி குதிகாலைத் தூக்கும்போது நிகழ்வது இதுவே.

பிளான்டாரிஸ் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய தசை. இதன் தசைப்பகுதி விரலளவே இருக்கும். தசைநாணோ நீண்டு மெலிந்து குதிகால் வரை செல்லும். முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் இதனை நரம்பு என்று கருதிவிடுவதுண்டு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இத்தசை இருப்பதில்லை. அதனால் அவர்களுக்கு எவ்விதக் குறைபாடும் ஏற்படுவதில்லை. கையில் அறுந்த தசைநாண்களைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையில் இதன் நாண் பயன்படுத்தப்படுகிறது.

இவற்றுக்கும் அடியில் ஆழ்ந்த அடுக்குத் தசைகள் உள்ளன. அவை பாதத்தின் வளைவைத் தாங்குதல், பெருவிரலையும் பிற விரல்களையும் மடக்குதல், முழங்கால் மூட்டின் பூட்டைத் திறத்தல் ஆகிய பணிகளைச் செய்கின்றன. கெண்டைக்கால் தசைகள் அனைத்துக்கும் கணைக்காலின் பின்புறம் செல்லும் டிபியல் நரம்பே கட்டளைகளை எடுத்துச் செல்கிறது.

குதிகால் தசைநாண்

குதிகால் தசைநாண் மனித உடலின் மிகத் தடித்த, மிக வலிமையான தசைநாண் ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. கிரேக்கத் தொன்மத்தில், குழந்தை அக்கிலீசை அவனது தாய் குதிகாலைப் பிடித்தபடி ஆற்று நீரில் அமிழ்த்தியதாகவும், நீர் படாத குதிகாலே பின்னர் அவனது இறப்புக்குக் காரணமானதாகவும் கூறப்படுகிறது. இத்தொன்மத்தை ஒட்டி இது அக்கிலீசுத் தசைநாண் எனவும் அழைக்கப்படுகிறது.

இந்நாண் ஒரு சுருள்வில்லைப் போலவும் செயற்படுகிறது. ஓடும்போது பாதம் தரையில் பதிகையில் நாண் சற்று நீண்டு ஆற்றலைச் சேமிக்கிறது. பாதம் தரையை விட்டு எழுகையில் சுருங்கி அதன் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. இதனால் தசைகள் செலவிட வேண்டிய ஆற்றல் குறைகிறது.

இயக்கத்தில் பங்கு

ஒருவர் ஒற்றைக் காலில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி நிற்பதாகக் கொள்வோம். தரை, உடல் எடைக்குச் சமமான விசையுடன் முன்பாதத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. இவ்விசை செயற்படும் இடம் கணுக்கால் மூட்டுக்கு 12 செ.மீ. முன்னால் இருப்பதாகவும், குதிகால் தசைநாண் அம்மூட்டுக்கு 5 செ.மீ. பின்னால் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், சமநிலைக்குத் தசைநாண் உடல் எடையைப் போல் 12/5, அதாவது 2.4 மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 144 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். கணுக்கால் மூட்டின் மீதோ உடல் எடையும் நாணின் இழுவிசையும் சேர்ந்து 3.4 மடங்கு சுமை விழுகிறது. அசையாமல் நிற்கும் நிலையிலேயே இவ்வளவு விசை தேவைப்படுகிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் இது மேலும் பல மடங்காகிறது.

நேராக நிற்கும்போது உடலின் எடைக்கோடு கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் செல்கிறது. எனவே உடல் இயல்பாகவே முன்னோக்கிச் சாய முற்படும். இதனைத் தடுத்துப் பின்னிழுத்துக்கொண்டிருப்பது முதன்மையாகச் சோலியஸ் தசை. மெதுவாகச் சுருங்கும், எளிதில் களைப்படையாத தசைநார்கள் இதில் மிகுதி. விரைவாகச் சுருங்கும் தசைநார்கள் கூடுதலாகக் கொண்ட காஸ்ட்ரோக்னீமியஸ், ஓட்டத்துக்கும் குதித்தலுக்கும் ஏற்றது.

குருதி ஏற்றும் பணி

இதயம் தமனிகள் வழியாகக் குருதியைக் கால்களுக்கு அனுப்புகிறது. அக்குருதி சிரைகள் வழியாக ஒரு மீட்டருக்கும் அதிகமான உயரம் மேலேறித் திரும்ப வேண்டும். சோலியஸ் தசையினுள் குருதியைத் தேக்கிவைக்கும் அகன்ற சிரைப்பைகள் உள்ளன. கணைக்காலைச் சுற்றி உறுதியான உறை ஒன்றும் உள்ளது. தசைகள் சுருங்கிப் பருக்கும்போது, உறை வெளிப்புறம் விரிய இடம் தராததால், இடையில் உள்ள சிரைகள் அழுத்தப்பட்டுக் குருதி மேலே பீறிடுகிறது. சிரைகளில் உள்ள ஒருவழித் தடுக்கிதழ்கள் அது மீண்டும் கீழிறங்காமல் தடுக்கின்றன. தசைகள் தளரும்போது, கீழிருந்தும் தோலடிச் சிரைகளிலிருந்தும் புதிய குருதி வந்து நிரம்புகிறது.

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரைகளில் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மி.மீ. பாதரச அளவு இருக்கும். சில அடிகள் நடந்தவுடன் நலமான கால்களில் இது 30 மி.மீ. அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடுகிறது. அணிவகுப்பில் நெடுநேரம் அசையாமல் நிற்கும் படைவீரர்கள் சில வேளைகளில் மயங்கி விழுவதற்கு, கால்களில் குருதி தேங்கி மூளைக்குச் செல்லும் குருதி குறைவதே முக்கியக் காரணம். தடுக்கிதழ்கள் பழுதடைந்தால் தோலடிச் சிரைகள் புடைத்துச் சுருள்சிரை நோய் உண்டாகிறது. நாளடைவில் கணுக்கால் அருகே ஆறாத புண்களும் ஏற்படலாம்.

மருத்துவ முக்கியத்துவம்

ஆழ்சிரைக் குருதியுறைவு: கெண்டைக்கால் தசைகள் நெடுநேரம் இயங்காதபோது ஆழ்ந்த சிரைகளில் குருதி தேங்கி உறையக்கூடும். அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருத்தல், காலில் மாவுக்கட்டு, மகப்பேறு, புற்றுநோய், நீண்ட பயணம் ஆகியவை இதற்கான வாய்ப்பை உயர்த்துகின்றன. நான்கு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்தபடி பயணம் செய்வோருக்கு இவ்வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என உலக சுகாதார அமைப்பு 2007 ஆம் ஆண்டில் தெரிவித்தது. நலமுள்ளவர்களிடம் இது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவிலேயே உள்ளது. இது விமானத்துக்கு மட்டுமன்றி பேருந்து, தொடர்வண்டி, மகிழுந்துப் பயணங்களுக்கும் பொருந்தும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, வெப்பம் ஆகியவை தோன்றுதல் இதன் அறிகுறிகளாகும். உறைந்த குருதி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் ஏற்படும், உயிரிழப்பும் நேரலாம். ஆகவே இத்தகைய வீக்கத்தைச் சுளுக்கு எனக் கருதி எண்ணெய் தேய்த்து நீவிவிடக் கூடாது. உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளை விரைவில் எழுந்து நடக்கச் சொல்வதற்கும், நடக்க இயலாதவர்களைப் பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்வதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம்.

தசைநாண் அறுதல்: குதிகால் தசைநாணில், குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே உள்ள பகுதிக்குக் குருதியோட்டம் குறைவு. பெரும்பாலான அறுதல்கள் இங்கேயே நிகழ்கின்றன. எப்போதாவது விளையாடும் நடுவயதினரிடம் இது மிகுதி. பாதிக்கப்பட்டவர் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் உணர்வார். ஆழ்ந்த தசைகளின் உதவியால் பாதத்தை ஓரளவு அசைக்க முடிவதால், இது சுளுக்கு எனத் தவறாகக் கருதப்படலாம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினால், நலமான காலில் பாதம் அசையும். நாண் அறுந்த காலில் அசையாது. இது தாம்சன் சோதனை எனப்படும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் தசைநாண் அறுதலுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2008 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் இம்மருந்துகள் இது குறித்த கடும் எச்சரிக்கையுடன் விற்கப்படுகின்றன.

தசைப்பிடிப்பு: குரக்குவலி எனவும் வழங்கும் இது பெரும்பாலும் இரவில் ஏற்படுகிறது. முழங்காலை நீட்டி, பாதவிரல்களை உடலை நோக்கி மெதுவாக இழுத்தால் தசை நீண்டு வலி தணியும்.

போலிப் பருமன்: டூசேன் தசைநலிவு நோயுள்ள சிறுவர்களின் கெண்டைக்கால்கள் வழக்கத்துக்கு மாறாகப் பருத்துக் காணப்படும். தசைநார்கள் அழிந்து, அவ்விடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புவதே இதற்குக் காரணம். பார்வைக்கு வலிமையாகத் தோன்றினாலும் இவை வலுவிழந்த தசைகளாகும். அடிக்கடி கீழே விழுதல், நுனிக்காலால் நடத்தல், தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி எழுதல் ஆகியவை இந்நோயின் தொடக்க அறிகுறிகளாகும்.